காடைத் தீவனத்தில் எண்ணெய்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காடைத் தீவனத்தில் எண்ணெய் சேர்க்கத் தொடங்கிய சில வாரங்களில் ஏதாவது ஒரு கோளாறு தலைகாட்டும். உடனே எண்ணெயை அடியோடு நிறுத்திவிடுவார்கள், அல்லது சம்பந்தமே இல்லாத மருந்துப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துத் தண்ணீரில் கலந்துவிடுவார்கள். நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் ஜப்பானியக் காடை வளர்ப்பவர்களுக்குத் தீவனம் கலந்து கொடுக்கும் வேலையில் இதே புகார்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிசெய்ததில் சேர்ந்தவை இந்தக் குறிப்புகள். எண்ணெய் ஏன் நல்லது என்ற பாடம் இதில் இல்லை. உங்கள் பண்ணையில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவில்லாத காரணம் முதலிலும், பணம் கேட்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

## எந்தப் புகாரானாலும் முதலில் இவை

முகர்ந்து பாருங்கள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கை சூடாகும்வரை தேய்த்து மூக்கருகே கொண்டு போங்கள். அதே வகை எண்ணெயின் புதுப் பாக்கெட்டில் இருந்து இரண்டு சொட்டை மறு கையில் தேய்த்து ஒப்பிடுங்கள். சிக்கு வாடையோ பெயிண்ட் வாடையோ அடித்தால் அந்த டின்னை ஓரம் கட்டுங்கள். சமையல் எண்ணெய்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். காறிப்போன எண்ணெய் தொண்டையைப் பிடிக்கும்.

எடை போடுங்கள். எண்ணெயை லிட்டரில் வாங்கிக் கிலோவில் கணக்குப் போடுகிறோம். ஒரு லிட்டர் பாக்கெட்டில் இருப்பது சுமார் 910 கிராம். 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோதான் இருக்கும். 15 கிலோ டின் என்பது வேறு. "ரெண்டு மக்கு ஊற்றினேன்" என்பவரிடம் மக்கின் அளவைக் கேட்டால் பதில் வராது.

தீவனத்தில் ஏற்கெனவே எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். காடைக்கென்று தீவனம் கிடைக்காத ஊர்களில் பிராய்லர் குஞ்சுத் தீவனத்தைத்தான் போடுகிறார்கள். அதில் ஆலையிலேயே எண்ணெய் சேர்த்திருப்பார்கள். மூட்டை வாயில் தைத்திருக்கும் சீட்டில் கொழுப்பு எவ்வளவு சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் மேலே இன்னும் 3 சதவீதம் ஊற்றியதுதான் பாதிப் புகார்களுக்குக் காரணம்.

காகிதச் சோதனை. மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து, பழுப்புக் காகிதத்தில் தனித்தனியாக வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். தீவனத்தை உதறிவிட்டுக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். மூன்று கறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் கலவை சரி. ஒன்றில் பெரிய கறையும் மற்றொன்றில் கறையே இல்லாமலும் இருந்தால், சில காடைகள் எண்ணெய்த் தீவனமும் சில காடைகள் வெறும் தீவனமும் தின்கின்றன என்று பொருள். அந்தக் கலவையை வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவது வீண்.

அளவைப் பொறுத்தவரை என் கணிப்பு: தூள் தீவனத்தில் 1 முதல் 3 சதவீதம் சிரமமில்லாமல் நிற்கும். 5 சதவீதத்தைத் தாண்டினால் சிறு பண்ணையின் மிக்சரில் அதைச் சீராகக் கலக்கவும் முடியாது, காடைக்கும் தேவையில்லை.

## தீவனம் தொட்டியில் மீந்துபோகிறது

வளர்ந்த காடை ஒன்று நாளைக்கு 25 முதல் 30 கிராம் தின்னும். எண்ணெய் சேர்த்ததும் இது ஒன்றிரண்டு கிராம் குறைவது இயல்பு. சக்தி கூடிய தீவனத்தைக் குறைவாகத்தான் தின்னும். அதைவிட அதிகமாகக் குறைந்தால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

*ஒரே நாளில் குறைந்ததா?* முதல் சந்தேகம் வாடை மேல். காறிய எண்ணெயைக் காடை ஒதுக்கும். அடுத்தது, தைல வகை எதையாவது சேர்த்தீர்களா? கிராம்புத் தைலம், ஓமத் தைலம், நீலகிரித் தைலம் என்று "இயற்கை மருந்து" சொல்லித் தருபவர்கள் பெருகிவிட்டார்கள். இவை சமையல் எண்ணெய் போல அல்ல. கிலோ தீவனத்துக்கு நூறு இருநூறு மில்லிகிராம் அளவில் சேர்ப்பவை. அதாவது 100 கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். கடலை எண்ணெய் அளவுக்கு இதை ஊற்றினால் எந்தப் பறவையும் தொட்டி அருகில் போகாது. தைலம் சேர்ப்பதானால் அதை முதலில் ஒரு கிலோ தவிட்டில் நன்றாகப் பிசிறி, அந்தத் தவிட்டைத்தான் தீவனத்தில் சேர்க்க வேண்டும்.

*மெல்ல மெல்லக் குறைந்ததா?* தீவனம் பழசாகிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் கலந்த தீவனத்தை ஏப்ரல், மே வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வாரக் கணக்கில் அடுக்கி வைக்கக் கூடாது. ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாளுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

*எண்ணெயே வேறா?* வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் பழகிய கேனில் சமையல் எண்ணெயை வாங்கிவருபவர்கள் உண்டு. கேனைக் கழுவினாலும் கசப்பு போகாது.

எண்ணெயே சேர்க்காத தீவனம் ஒரு தொட்டி, எண்ணெய்த் தீவனம் ஒரு தொட்டி என்று ஒரே கூண்டில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். இரண்டையும் தொடவில்லை என்றால் தீவனத்தில் குற்றமில்லை, பறவைக்கு நோய். அப்போது கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

## தீவனம் கட்டியாகிறது, குஞ்சின் அலகில் ஒட்டிக்கொள்கிறது

பொரித்த காடைக் குஞ்சின் எடை 8 முதல் 10 கிராம். அதன் அலகில் ஒட்டிய எண்ணெய்ப் பசை காய்ந்துவிட்டால் அது தின்பதையே நிறுத்திவிடும். முகத்து மென்சிறகுகள் நனைந்து சடை பிடித்திருப்பதைப் பார்த்துச் சளிநோய் என்று மருந்து வாங்குகிறார்கள். குஞ்சைக் கையில் எடுத்து, அந்த இடத்தைக் காகிதத்தில் ஒற்றிப் பாருங்கள். காய்ந்த பிறகும் கறை நின்றால் எண்ணெய். நின்றது எண்ணெய் என்றால் மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

காரணங்கள் பெரும்பாலும் கலக்கும் முறையில்தான். உலர்ந்த பொருள்கள் அனைத்தையும் முதலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு எண்ணெயைப் பூவாளியாலோ கைத்தெளிப்பானாலோ தூவி, மீண்டும் ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். மிக்சர் இல்லாமல் மண்வெட்டியால் கிளறுபவர்கள், எண்ணெய் முழுவதையும் ஐந்து கிலோ சோயாப் புண்ணாக்குத் தூளில் பிசிறி, உருண்டைகளைச் சல்லடையில் தேய்த்து இறக்கி, அதைக் குவியலில் கலக்கலாம். டின்னைச் சாய்த்து ஒரே இடத்தில் ஊற்றினால் உருண்டைதான் வரும். வைட்டமின் கலவையை நேராக எண்ணெயில் கரைப்பதும் வேண்டாம்.

மார்கழி, தை மாதங்களில் மட்டும் கட்டியானால் தேங்காய் எண்ணெய் அல்லது பாமாயில் உறைந்திருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும். டின்னை வெயிலில் வைத்து இளக்கினால் போதும். அடுப்பில் ஏற்றிப் புகைய விடாதீர்கள்.

கட்டியை உடைத்தால் உள்ளே சாம்பல் நிறமோ பச்சை நிறமோ தெரிகிறதா? அது எண்ணெயின் வேலையல்ல, ஈரத்தில் வந்த பூசணம். அந்த மூட்டையைக் காயவைத்துப் போடுவோம் என்ற எண்ணமே வேண்டாம். பூசணம் செத்தாலும் அது விட்ட நஞ்சு வெயிலில் போகாது.

முதல் பத்து நாள் குஞ்சுக்கு எண்ணெயே வேண்டாம் என்பது என் கட்சி. குஞ்சின் குடல் கொழுப்பைச் செரிக்கப் பழக நாளாகும், அதிலும் பாமாயில் போன்ற கெட்டிக் கொழுப்பு அந்த வயதில் கணிசமாக வீணாகவே வெளியேறும். புரதம் 24 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதில் அந்த அக்கறையைச் செலவிடலாம்.

## எச்சம் இளக்கமாகவோ பிசுபிசுப்பாகவோ இருக்கிறது

இரண்டும் வேறு வேறு. எச்சத்தட்டில் செய்தித்தாளை விரித்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்து நிழலில் உலர்த்துங்கள்.

*உலர்ந்ததும் வளையம் மறைந்துவிட்டது:* அது தண்ணீர். உப்பு அதிகமா, கருவாட்டுத் தூளில் உப்பு இருக்கிறதா, வெயிலில் தண்ணீர் அதிகம் குடிக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெயைக் குறை சொல்ல இடமில்லை.

*உலர்ந்த பிறகும் கண்ணாடி போன்ற எண்ணெய் வளையம் நிற்கிறது:* எண்ணெய் செரிக்காமல் வெளியே வருகிறது. அளவை ஒரு சதவீதத்துக்கு இறக்கி நான்கைந்து நாள் பாருங்கள். குறைந்துவிட்டால் வாரத்துக்கு அரை சதவீதமாக ஏற்றலாம். ஒரு சதவீதத்திலும் வளையம் நின்றால் எண்ணெயில் கனிம எண்ணெய் (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது) கலப்படம் இருக்கலாம். பறவையின் உடல் அதை ஏற்காது. போகிற போக்கில் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். சந்தை விலையைவிட வெகு குறைவாகக் கிடைத்த "தீவன எண்ணெய்" என்றால் அனுப்பும் செலவைப் பார்க்காதீர்கள். விளக்கெண்ணெய் கலந்திருந்தாலும் வயிறு போகும்.

*எச்சத்தில் இரத்தம், அல்லது வெண்ணிற நீர்க்கழிச்சலுடன் காடைகள் உடலைக் குறுக்கிக்கொண்டு நிற்கின்றன:* காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். இரத்தக் கழிச்சலும் குடல்புண் நோயும் காடையை வேகமாக வீழ்த்தும். குடல்புண்ணுக்குக் காடை நோய் என்றே ஒரு பெயர் உண்டு.

## முட்டை ஓடு மெலிந்தது, முட்டை சிறுத்தது

எண்ணெய் சேர்க்கும் பண்ணைகளில் அதிகம் பணம் போவது இங்கேதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். "எண்ணெய் ஊற்றினால் முட்டை பெருக்கும் என்றார்கள், எனக்குச் சிறுத்துவிட்டதே" என்பார்கள்.

முதலில் 20 முட்டைகளை மொத்தமாக எடை போடுங்கள். 200 முதல் 240 கிராமுக்குள் இருந்தால் முட்டையில் குறையில்லை, கண்தான் பழகிவிட்டது. உண்மையிலேயே குறைந்திருந்தால் வரிசையாகப் பாருங்கள்.

எண்ணெயை மேலே ஊற்றினீர்களா, உள்ளே கணக்கில் சேர்த்தீர்களா? 100 கிலோ முட்டைக் காடைத் தீவனம் இருக்கிறது. கிலோவுக்கு 2,700 கிலோகலோரி, புரதம் 20 சதவீதம், கால்சியம் 2.8 சதவீதம் என்று வையுங்கள். அதன் மேல் 3 கிலோ எண்ணெயை ஊற்றினால் சக்தி கிலோவுக்கு ஏறக்குறைய 2,880 ஆகிவிடுகிறது. 27 கிராம் தின்ற காடை இப்போது சுமார் 25 கிராமிலேயே நிறைவடைந்து விலகிவிடும். அந்த 25 கிராமிலும் புரதம் 19.4 சதவீதமாகவும் கால்சியம் 2.7 சதவீதமாகவும் நீர்த்திருக்கும். கூட்டிப் பார்த்தால் 5.4 கிராமாக இருந்த அன்றாடப் புரதம் 4.9 கிராமுக்கும், 756 மில்லிகிராமாக இருந்த கால்சியம் 690-ஐ ஒட்டியும் இறங்கிவிட்டது. ஒரு காடை முட்டையின் ஓட்டில் மட்டும் 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கும். தின்றதில் பாதிதான் ஓட்டுக்குப் போய்ச் சேரும் என்று வைத்தால், எண்ணெய் ஊற்றிய நாள் முதல் அந்தக் காடை கடனில் முட்டையிடுகிறது.

இதற்குத் தீர்வு மருந்து அல்ல, கணக்கு. 100 கிலோவில் 12 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு, 3 கிலோ எண்ணெய், 8 கிலோ எண்ணெய் நீக்கிய தவிடு, 1 கிலோ சோயாப் புண்ணாக்கு என்று மாற்றினால் சக்தி ஏறக்குறைய பழைய அளவிலேயே நிற்கும். புரதம் சற்றே கூடும், மொத்தமும் 100 கிலோவைத் தாண்டாது. உங்கள் ஊர் விலைக்கு இது கட்டுப்படியாகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் முட்டைக் காடைக்கு எண்ணெய் தேவையே இல்லை என்பதுதான் விடை.

கிளிஞ்சல் எந்த நேரத்தில் தொட்டியில் இருக்கிறது? கோழி காலையில் முட்டையிடும். காடை பெரும்பாலும் பிற்பகலிலிருந்து பொழுது சாயும்வரை இடும், அதனால் காலையிலும் ஓடு உருவாகிக்கொண்டிருக்கும். காலையிலேயே தொட்டியின் அடியில் தங்கிய கிளிஞ்சலைத் தட்டிக் கொட்டிவிட்டு, தூள் தீவனத்தை மட்டும் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சிறு கிண்ணத்தில் கிளிஞ்சல் குருணையைத் தனியாக எப்போதும் வையுங்கள். தேவைப்பட்ட பெண் காடை தானே கொத்திக்கொள்ளும்.

எந்த எண்ணெய்? முட்டை எடையை உயர்த்துவது எண்ணெயில் உள்ள லினோலியிக் அமிலம். தீவனத்தில் அது 1 சதவீதம் இருந்தால் காடைக்குப் போதும். பாதிக்கு மேல் மக்காச்சோளம் உள்ள தீவனத்தில் அது கிட்டத்தட்ட அங்கேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றினாலும் முட்டை பெருக்காது. மாறாக, விலை ஏறியது என்று மக்காச்சோளத்தைக் குறைத்து உடைந்த அரிசியும் எண்ணெய் நீக்கிய தவிடும் போட்டவர்களுக்கு அந்த அமிலம் பற்றாமல் போகும். அவர்களுக்குச் சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் பலன் தரும். தவிட்டெண்ணெயும் ஓரளவு உதவும். தேங்காய் எண்ணெயில் அந்த அமிலம் பெயருக்குத்தான் இருக்கிறது, பாமாயிலில் பத்தில் ஒரு பங்கு.

கெட்டிக் கொழுப்பும் புளித்த எண்ணெயும். பாமாயில், அமிலத்தன்மை ஏறிய பச்சைத் தவிட்டெண்ணெய் இரண்டும் குடலில் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாகி வெளியேறிவிடும். முட்டைக் காடைக்கு இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. அரவை முடிந்த கணத்திலிருந்து தவிட்டிலுள்ள நொதி எண்ணெயைப் பிளக்கத் தொடங்கிவிடும். எனவே "சுத்திகரிக்காத தவிட்டெண்ணெய், மலிவு" என்று யாராவது டிரம்மில் கொண்டுவந்தால் அமில எண் (எண்ணெய் எவ்வளவு பிளந்து புளித்திருக்கிறது என்று காட்டும் அளவு) கேட்டு வாங்குங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து, வெளிச்சமும் 16 மணி நேரம் இருந்து, இரண்டு வாரமாகியும் ஓடு தேறவில்லையா? தீவன மாதிரியைக் கால்சியம், பாஸ்பரஸ் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஓடு இல்லாத தோல் முட்டைகள் ஒரேயடியாகப் பெருகி, கூடவே சளியும் இருந்தால் ஆய்வகத்துக்கு முன்பு மருத்துவர்.

## முட்டையின் உள்ளே நிறமும் வாடையும் மாறுகின்றன

மஞ்சள் கரு வெளுத்துவிட்டதென்றால் மேலே சொன்ன கணக்குதான் பெரும்பாலும் காரணம். 12 கிலோ மக்காச்சோளத்தை எடுத்தீர்கள், அதோடு மஞ்சள் நிறமியும் போயிற்று. முருங்கை இலைத் தூளோ சாமந்திப் பூ இதழ்த் தூளோ சிறிது சேர்த்தால் நிறம் திரும்பும். மக்காச்சோளம் குறையாமலே வெளுத்திருந்தால் எண்ணெயை முகருங்கள். காறிய எண்ணெய் நிறமியை அழித்துவிடும்.

வெள்ளைக்கரு ரோஜா நிறமாகவும் மஞ்சள் கரு பழுப்பாகவும் இருந்தால், அதுவும் சில நாள் வைத்திருந்த முட்டையில்தான் அப்படித் தெரிகிறதென்றால், பருத்திக்கொட்டை எண்ணெய் அல்லது இலவம் விதை எண்ணெய் உள்ளே வந்திருக்கிறது. பஞ்சு ஆலைகள் உள்ள பக்கங்களில் இவை கலப்பெண்ணெயாக நுழைந்துவிடும். இரண்டிலும் உள்ள ஒரு வகைக் கொழுப்பமிலம் மஞ்சள் கருவின் சவ்வைத் தளர்த்துவதால் நிறம் இடம் மாறுகிறது. எண்ணெயை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மீன் வாடை: ஒமேகா முட்டை என்று விற்க ஆளிவிதை எண்ணெய் ஊற்றுபவர்களுக்கு வருவது. கருவாட்டுத் தூளையும் சேர்த்தே போடுகிறார்களா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் வாடை நிச்சயம். ஆளிவிதை எண்ணெய் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகக் காறும். சிறு குப்பியாக வாங்கி, இருட்டில் வைத்து, வைட்டமின் ஈ கூட்டிக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, பெயிண்ட் கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குப் பூசுவது. சீக்கிரம் உலர்வதற்காக அதில் உலோக உப்புகள் கலந்திருக்கும். விலையைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள்.

மஞ்சள் கரு ஒரு வாரத்துக்குள் உருவாகிவிடுவதால், எண்ணெயை மாற்றிப் பத்து நாளில் முட்டை சரியாக வேண்டும். ஆகவில்லை என்றால் காரணம் வேறு.

## குஞ்சு தலையைத் திருகிக்கொண்டு மல்லாந்து விழுகிறது

இரண்டு, மூன்று வார வயதில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த குஞ்சு திடீரெனத் தடுமாறும். தலை கீழேயோ பக்கவாட்டிலோ முறுக்கிக்கொள்ளும், கால்கள் உதைக்கும், எழுப்பி நிறுத்தினால் மறுபடி சாயும். எண்ணெய் சேர்க்கும் பண்ணையில் இதைப் பார்த்தால் நான் குஞ்சைத் தொடுவதற்கு முன் எண்ணெய் டின்னைத் திறப்பேன்.

முதல் சந்தேகம் காறிய எண்ணெய். காறும் எண்ணெய் தீவனத்திலுள்ள வைட்டமின் ஈ-யைத் தின்றுவிடுகிறது. வைட்டமின் ஈ இல்லாமல் குஞ்சின் சிறுமூளை கெடுகிறது. சூரியகாந்தி, சோயா, ஆளிவிதை போன்ற இளகிய எண்ணெய்களில் இந்த ஆபத்து அதிகம். டின் எப்போது திறந்தது, வெயில் பட்டதா, செம்பு பித்தளைப் பாத்திரத்தில் இருந்ததா, துருப்பிடித்த டிரம்மில் இருந்ததா என்று கேளுங்கள். செம்பும் இரும்பும் எண்ணெயை விரைவில் காறவைக்கும். பழைய டின்னின் அடியில் மிஞ்சிய கசண்டின் மேல் புது எண்ணெயை ஊற்றும் பழக்கம் இருந்தால் காரணம் கையிலேயே கிடைத்துவிட்டது. உறை மோர் பாலைத் தயிராக்குவது போலப் பழைய காறல் புது எண்ணெயையும் கெடுத்துவிடும்.

ஓட்டல், பலகாரக் கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயா? பேச்சுக்கே இடமில்லை. மொத்தப் போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை மனிதருக்குச் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிக் கடையிலிருந்து வெளியேறியதைத்தான் காடைக்கு மலிவாக விற்கிறார்கள். அது பயோடீசலுக்குப் போக வேண்டிய சரக்கு.

செய்ய வேண்டியது: அந்தத் தீவனத்தை அன்றே எடுத்துவிட்டு எண்ணெயில்லாத புதுத் தீவனம் போடுங்கள். வைட்டமின் ஈ, செலினியம் கலந்த திரவ மருந்தைக் குப்பியில் சொன்ன அளவில் தண்ணீரில் கொடுங்கள். செலினியத்தை அளவு மீறினால் அதுவே நஞ்சு, "கொஞ்சம் கூட" வேண்டாம். விழுந்த குஞ்சுகளில் தடுமாறும் நிலையில் உள்ளவை தேறலாம். மல்லாந்து உதைப்பவை பெரும்பாலும் திரும்பாது. பார்க்க வேண்டியது புதிதாக விழுபவை எத்தனை என்பதை. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும்.

காரணம் வேறாகவும் இருக்கலாம். தலை பின்னால் வளைந்து, குஞ்சு கணுக்காலில் உட்கார்ந்தபடி வானத்தைப் பார்க்கிறதா? வைட்டமின் பி1 குறைவாக இருக்கலாம். அதைக் கொடுத்தால் சில மணி நேரத்தில் மாற்றம் தெரியும். கால் விரல்கள் உள்பக்கம் மடங்கியிருந்தால் பி2.

மருத்துவரைக் கூப்பிட வேண்டிய இடம்: பெரிய காடைகளும் சேர்ந்து தலை திருகுகின்றன, பச்சைக் கழிச்சல் இருக்கிறது, வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. இது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட்டாக இருக்கலாம். அக்கம்பக்கத்துக் கோழிகளுக்கும் பரவும். அந்த நிலையில் எண்ணெயை ஆராய்ந்துகொண்டு உட்காரக் கூடாது.

## கரு கூடவில்லை, பொரிப்பு குறைகிறது

ஆணைக் கையில் எடுங்கள். ஆசனவாய்க்கு மேலே சிவந்த மொட்டுப் போன்ற புடைப்பு இருக்கும். அதை மெல்ல அழுத்தினால், இனப்பெருக்கத்துக்குத் தயாரான ஆணிடமிருந்து வெண்ணிறமான கெட்டி நுரை வரும். பத்து ஆண்களை இப்படிப் பாருங்கள், செலவில்லாத சோதனை.

பலவற்றில் நுரை இல்லை, புடைப்பும் சுருங்கியிருக்கிறது: வெளிச்சம் குறைந்திருக்கலாம், வயது கூடியிருக்கலாம், ஆண்கள் அளவுக்கு மீறிக் கொழுத்திருக்கலாம். நீண்ட நாள் காறிய எண்ணெய் தின்றாலும் ஆண் காடைகள் மலடாகும். எண்ணெயைச் சோதித்து, வைட்டமின் ஈ கொடுத்து மூன்று வாரம் பொறுங்கள். ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணுக்கு மேல் விடாதீர்கள்.

நுரை நன்றாக இருக்கிறது, ஆனாலும் பொரிப்பு இல்லை: பொரிக்காத முட்டைகளை 18-ஆம் நாள் உடைத்துப் பாருங்கள். புள்ளி ஓட்டினால் காடை முட்டையை விளக்கில் பார்ப்பது சிரமம், உடைப்பதே நேர்வழி. உள்ளே கருவே இல்லையென்றால் இணையில் குறை. முதல் சில நாளிலேயே நின்றுபோன இரத்த வளையம் நிறையத் தெரிந்தால் தாய்த் தீவனத்தின் வைட்டமின் ஈ-யைச் சந்தேகிக்கலாம், முட்டையைப் பல நாள் சேமித்ததையும் சந்தேகிக்கலாம். முழுக் குஞ்சாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தால் பொரிப்பானின் ஈரப்பதத்தைப் பாருங்கள், தீவனத்தை அல்ல.

## கொழுத்த பெண் காடை முட்டையிடும் நிலையிலேயே செத்துக் கிடக்கிறது

ஒன்றிரண்டு மட்டும் இப்படி என்றால் கையுறை போட்டு, ஒன்றை அறுத்துப் பாருங்கள். வயிற்றுக் கொழுப்பு தடித்து, கல்லீரல் மஞ்சளாக வீங்கி, விரலால் அழுத்தினால் பிட்டுப் போல உதிர்ந்து, பக்கத்தில் இரத்தக் கட்டி இருந்தால் கொழுத்த கல்லீரல் வெடித்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: முட்டையிடும் பெண்ணின் கல்லீரல் ஆணுடையதைவிடச் சற்று வெளுத்தே இருக்கும், மஞ்சள் கருவுக்கான கொழுப்பு அங்கேதான் உருவாகிறது. லேசான வெளுப்பைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

எண்ணெயை நிறுத்துங்கள், மக்காச்சோளத்தைச் சிறிது குறையுங்கள், கல்லீரலில் கொழுப்பு தேங்காமல் காக்கும் கோலின், மெத்தியோனின் சத்துகள் தீவனத்தில் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். பட்டினி போடாதீர்கள். இதே மஞ்சள் கல்லீரல் பூசண நஞ்சாலும் வரும். கடலைப் புண்ணாக்கு சேர்ப்பவர்களும், மழையில் நனைந்த மக்காச்சோளம் வாங்கியவர்களும் அஃப்ளாடாக்சின் பரிசோதனை செய்யாமல் எண்ணெயைக் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

ஒரே நாளில் பல காடைகள் செத்தால் எதையும் அறுக்காதீர்கள், விற்காதீர்கள், ஆற்றில் வீசாதீர்கள். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ உடனே சொல்ல வேண்டும்.

## எடை கூடவில்லை, செலவு மட்டும் ஏறுகிறது

இறைச்சிக் காடை ஐந்து வாரத்தில் 500 கிராமை ஒட்டித் தீவனம் தின்று விற்பனைக்கு வந்துவிடும். இவ்வளவு குறுகிய வாழ்நாளில் எண்ணெய்க்குச் செலவிட்டதைத் திரும்ப எடுப்பது கோடையில் எளிது, மற்ற மாதங்களில் கடினம். வெயிலில் காடை குறைவாகத் தின்னும்போது அந்தக் குறைந்த தீவனத்தில் சக்தியை ஏற்றுவதற்கு எண்ணெய் கைகொடுக்கும். செரிக்கும்போது உடலில் கிளம்பும் சூடும் குறைவு. ஐப்பசி மழையில் அதே 3 சதவீதம் வயிற்றுக் கொழுப்பாகச் சேர்ந்து, உரித்தெடுக்கும் கடைக்காரரின் குப்பைக் கூடைக்குப் போகும். நம்பாதவர்கள் ஒரே தொகுதிக் குஞ்சுகளை இரண்டு கூண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் எண்ணெய் கொடுத்து, 35-ஆம் நாள் உரித்த எடையைப் பாருங்கள். உயிர் எடையைப் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

## ஆய்வகத்துக்கு அனுப்பும்போது

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. தீவனமானால் பல மூட்டைகளில் இருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவை அனுப்புங்கள். எண்ணெயானால் டின்னை நன்றாகக் குலுக்கியபின், உலர்ந்த பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில் வாய்வரை நிரப்பி, காற்று நிற்க இடம் விடாமல் மூடுங்கள். எந்தச் சோதனை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். "எல்லாம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் ரசீது மட்டும் நீளும். எண்ணெய்க்கு அமில எண், பெராக்சைடு எண் (காறலின் தொடக்கத்தைக் காட்டும் அளவு) இரண்டையும் கேளுங்கள். பெராக்சைடு எண் 10-க்குக் கீழே இருப்பது நல்லது. ஆனால் அது ஏறிய பிறகு மறுபடி இறங்கும் எண். மிகப் பழைய எண்ணெயில் அது குறைவாகவே வரலாம். மூக்கு கெட்டது என்று சொல்லி, தாள் நல்லது என்று சொன்னால் மூக்கை நம்பி டின்னைக் கொட்டிவிடுங்கள்.